மோட்டார் கொட்டகைக்காரி

அந்த அக்கா எதையும் நிறுத்தமாட்டாள். அவள் வீட்டில் ஓடத் தெரிந்த சாமான் எதுவோ அது ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சாமான் ஓடும்போது சாவதில்லை, நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போதுதான் சாகிறது என்பது அவள் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டேன். அவள் சொன்னது பெரும்பாலும் சரிதான்.

குத்தாலத்துக்குத் தெற்கே, ஊரைவிட்டுத் தள்ளி, வயலுக்கு நடுவில் பண்ணையின் மோட்டார் கொட்டகை இருந்தது. அதன் மேற்குச் சுவரில் சாய்ப்பு இறக்கிக் கீற்றுப் போட்டு, மூன்று பக்கம் மண்சுவர் வைத்ததுதான் அக்காவின் வீடு. உள்ளே ஒரு மேஜை ஃபேன், ஒரு வால்வு ரேடியோ, ஒரு சுவர்க் கடிகாரம். மூன்றும் பண்ணை வீட்டில் பழுதாகி, தூக்கிப் போடச் சொல்லி அவளிடம் தள்ளிவிடப்பட்டவை. மூன்றும் ஓடின. அவள் சனங்கள் இருந்த தெருவில் அப்போது யார் வீட்டிலும் கரண்டு கிடையாது. இவள் வீட்டுக்கு மட்டும் மோட்டாருக்கு வந்த லைனிலிருந்து ஒரு ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

கடிகாரத்தை நேராக மாட்டினால் நின்றுவிடும். இடது பக்கம் இரண்டு விரற்கடை சாய்த்தால் ஓடும். வருகிறவர்கள் கை சும்மா இராமல் அதை நேராக்குவார்கள். அக்கா எழுந்து போய்ச் சாய்த்துவிட்டு வருவாள். ரேடியோவில் ஒரு வால்வு ஆட்டம் கொடுக்கும். தீப்பெட்டி அட்டையை மடித்து அதற்கு அண்டக் கொடுத்திருந்தாள். முள்ளை நகர்த்தும் நூல் அறுந்துபோன இடத்தில் தூண்டில் நரம்பைக் கட்டியிருந்தாள். ஃபேனுக்கு இரும்பு அடிப்பாகம், பித்தளை இறக்கை. அது தானாகச் சுற்றத் தொடங்காது. சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கும். தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு இறக்கையை ஒரு தள்ளு தள்ளினால் பிடித்துக்கொள்ளும். முதலில் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறாள். அது பிசினாக இறுகிவிட்டதாம். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு மோட்டாருக்கு விடும் ஆயிலையே விட்டாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆள் தேடிப் போக அவளுக்கு நேரமும் இல்லை.

ஏனென்றால் அந்த ஃபேனுக்கு எதிரில் அவள் புருஷன் படுத்திருந்தார்.

அவர்தான் முதலில் அங்கே மோட்டார்க்காரர். பண்ணைக்கு விருந்தாளிகள் வந்த ஒரு நாளில், இளநீர் பறிக்கிற ஆள் வரவில்லையென்று அவரை மரத்தில் ஏற்றினார்கள். விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செத்துப் போயிற்று. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதுகில் புண் வரும், ஈரம் தங்கவிடாதே, காற்றுப் படட்டும், இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போடு, ஈ உட்காரவிடாதே. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். கடிகாரமும் ஃபேனும் அதற்காகத்தான். ரேடியோ மட்டும் அவருக்குப் பேச்சுத்துணை. அக்கா புருஷனின் வேலையை எடுத்துக்கொண்டாள். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும்வரை சாய்ப்பில் இருக்கலாம் என்று பண்ணையில் சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தபோது அவர் படுத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வெறும் முதுகைத் திறந்து காட்டினார். ஒரு புண் இல்லை.

“எல்லாத்தையும் ஓட வெச்சிட்டா தம்பி, என்னையத்தான் முடியல” என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது கௌரவமான கதை இல்லை. எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமி. எட்டாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்கெங்கோ திரிந்துகொண்டிருந்தேன். அறுப்புக்கு ஆள் வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு என்று ஒருவன் லாரியில் ஏற்றினான். அந்த வருஷங்களில் தஞ்சை ஜில்லாவில் அறுப்பென்றால் போலீஸ் வண்டியும் கூட வரும். உள்ளூர் ஆட்கள் கூலி நெல் கூடக் கேட்டு அரிவாளைக் கீழே வைத்திருந்தார்கள். அவர்கள் வயிற்றில் அடிக்கத்தான் எங்களைக் கொண்டுவந்தது என்று லாரியில் யாரும் சொல்லவில்லை. வரப்பில் இறங்கியதும் கல் வந்தது. நெற்றி கிழிந்து, ரத்தம் கண்ணை மறைக்க, மோட்டார் சத்தம் வந்த திக்கைப் பார்த்து ஓடினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அறுக்க வந்தவனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அரிவாளை வாய்க்காலில் எறிந்துவிட்டு உட்காரச் சொன்னாள். காயத்தில் காப்பித் தூளை வைத்து அழுத்தினாள். பின்னாலேயே தெரு ஆட்கள் நாலு பேர் வந்தார்கள்.

“அடிச்சது போதும். போங்க” என்றாள்.

அதில் ஒருவர் அவளுக்குச் சித்தப்பன் முறை. “ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மோட்டார நிறுத்துன்னு கெஞ்சினோம். நீ நிறுத்தியிருந்தா நாத்தங்காலுக்குத் தண்ணியில்லாம பண்ணை எறங்கி வந்திருப்பான். இவனுவளும் வந்திருக்கமாட்டானுவ.”

“நிறுத்தியிருந்தா அன்னைக்கே என்னைய எந்திரிச்சுப் போன்னுருப்பான், சித்தப்பா. இவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது? ஒங்க ஊட்டுல கரண்டு இருக்கா?”

நாலு பேரும் திரும்பிப் போனார்கள். ஆனால் அவளை மன்னிக்கவில்லை. கூலி நெல்லில் அவர்கள் கேட்டதில் பாதி கிடைத்தது. அவளோடு பேசுவதைத் தெரு நிறுத்திவிட்டது. காரியம், கல்யாணம் எதற்கும் கூப்பிடுவதில்லை. பண்ணையிலும் அவளை நம்பவில்லை, தெருவில் பிறந்தவள் என்று.

நான் பக்கத்து ஊர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டேன். குளிக்க அந்த மோட்டாருக்குத்தான் வருவேன். வரும்போதெல்லாம் அவரைப் புரட்டிப் போட ஒரு கை கொடுப்பேன். அக்கா அதிகம் பேசமாட்டாள். காதுதான் வேலை செய்யும். குழாயடியில் நின்று கொண்டிருப்பாள், திடீரென்று உள்ளே ஓடுவாள். ஃபேன் சத்தத்தில் ஏதோ மாறியிருக்கும், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கரண்டு போனால் முதலில் சுவிட்சை அணைத்து, பனைவிசிறியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவாள். மறுபடி வருகிறவரை கை நிற்காது. ஒரு தடவை கோடையில் முக்கால் நாள் கரண்டு வரவில்லை. விசிறியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, நீ நடுவில் நிறுத்துவாய் என்று கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. விவசாயக் கூலியாள் எந்த மனையில் குடியிருக்கிறானோ அது அவனுக்கே சொந்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அக்கா அந்தச் செய்தி முடிகிறவரை ரேடியோ முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வெளியே போய், சாய்ப்பைச் சுற்றிக் காலால் அடி வைத்து அளந்தாள். மூன்று குழி நிலம் இருக்கலாம். அந்த மூன்று குழி அவள் பேருக்கு வந்துவிட்டால் அவரை யாரும் கிளப்ப முடியாது.

சங்கத்துத் தோழர் ஒருவர் சைக்கிளில் வந்து மனு எழுதிக் கொடுத்தார். அவருக்கும் மோட்டார் விஷயத்தில் அவள்மேல் கோபம் இருந்தது, ஆனாலும் வந்தார். மனு போட்டது தெரிந்ததும் பண்ணையின் காரியக்காரர் ஒரு பேச்சைக் கிளப்பினார். அது வீடே இல்லை, கொட்டகையைச் சேர்ந்த சாமான் அறை; அந்தப் பெண் கூலியாளும் இல்லை, சம்பளக் காவல். அவள் அங்கே பல வருஷமாகக் குடியிருக்கிறாள் என்று காட்ட வேண்டும். ஓட்டர் லிஸ்டில் அவள் பேர் தெருவில் பழைய வீட்டு நம்பரில் இருந்தது. சாட்சி சொல்லத் தெரு வரவில்லை. தோழர் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைப் பிடித்து நின்றார்.

அவர் கிளம்பியதும் அக்கா ரேடியோவுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

அந்த நாளில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீசில் புதுப்பித்து முத்திரை வாங்க வேண்டும். பாதிப் பேர் செய்யமாட்டார்கள். லைசென்ஸ் இல்லாத பெட்டியைப் பறித்துப் போவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, இவள் ஒரு வருஷம்கூடத் தவறாமல் நடந்து போய் முத்திரை வாங்கியிருந்தாள். ஆறு முத்திரை. ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் தேதி. நான் தேதிகளைப் படித்தேன். முதல் பக்கத்தில் இங்கிலீஷில் கையால் எழுதியிருந்தது. எனக்கு அச்செழுத்து என்றால் கூட்டிக் கூட்டிப் படிக்க வரும். சாய்த்து எழுதிய கையெழுத்து வராது. ஊர்ப் பேர் மாதிரி ஒன்று புரிந்தது. போதும் என்று நினைத்தேன்.

“இது கவர்மெண்டு முத்திரைக்கா. இதவிட என்ன சாட்சி வேணும்?”

“முழுசாப் படிச்சியா?”

“படிச்சேன்.”

தோழர் அதற்குள் போய்விட்டிருந்தார். அவரிடம் காட்டியிருந்தால் படித்திருப்பார். காட்டத் தோன்றவில்லை. அக்கா அந்தப் புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்தாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. வெயிலில் வந்தவர் ஃபேனுக்கு முன்னால் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நின்றார். படுத்திருந்தவரிடம் மரியாதையாக விசாரித்தார். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆதாரம் ஏதாவது உண்டா என்றார். அக்கா மஞ்சள் துணியைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

“இது பண்ணையார் பேர்ல இருக்கேம்மா. பெட்டி அவருது, வெச்சிருக்க எடம் அவரு மோட்டார் கொட்டகைன்னு போட்டிருக்கு.”

லைசென்ஸ் பெட்டிக்கு உரியது, பெட்டி கைமாறினால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று அக்கா நினைத்திருந்தாள். பேரை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. படித்த எனக்கும் தெரியவில்லை.

அதுவரை வாசலில் ஒதுங்கி நின்ற காரியக்காரர் உள்ளே வந்தார். “நாங்க வேற சொல்லணுங்களா? ரேடியோ எங்களுது. ஃபேன் எங்களுது. கடியாரம் எங்களுது. எங்க சாமான் எங்க கொட்டகையில இருக்கு. இந்தப் புள்ள பாத்துக்குது.”

தூக்கிப் போடச் சொல்லிக் கொடுத்த சாமான்கள் அவை என்று அக்கா சொன்னாள். அவள் குரல் எழும்பவே இல்லை.

“தூக்கிப் போட்ட சாமான் இப்புடியா ஓடும்?” என்றார் அவர். அதிகாரி சுற்றிப் பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் யாரோ நெற்பயிருக்கு உரமிடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாவது பழுதாகிக் கிடந்திருந்தால் அவள் சொன்னதை நம்பியிருப்பார்.

காரியக்காரர் ஏதோ நிரூபிக்கிற மாதிரி ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அது உறுமிக்கொண்டு நின்றது. அக்கா இரண்டு எட்டில் பாய்ந்து ஈர்க்கை உள்ளே விட்டுத் தள்ளினாள். சுற்றியது. அதிகாரி அதைக் கவனித்தார். இதையெல்லாம் பார்த்துக்கொள்வது நீதானா என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றாள். மோட்டாரையும்? ஆமாங்கய்யா. அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. மனுதாரர் நில உடைமையாளரின் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியாள், குடியிருப்பு அந்தப் பணியைச் சேர்ந்தது, மனு தள்ளப்படுகிறது. இந்த முறை தமிழில் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் படித்துச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேலே அப்பீல் போடலாம் என்றார் தோழர். போட்டோம். அதற்குள் காரியக்காரர் மூன்று ஆட்களோடு வந்து ரேடியோவையும் கடிகாரத்தையும் ஃபேனையும் எடுத்துக்கொண்டார். ஒயரை வெட்டினார். ஆடி முடிவதற்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். மோட்டாருக்குப் புது ஆளைப் போட்டார். அக்கா ஃபேனை மட்டும் விட்டுப் போகும்படி கும்பிட்டாள். அப்படி அவள் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று நாள். நானும் அவளும் மாற்றி மாற்றி விசிறினோம். இப்போது என்னிடம் விசிறியைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்து, நீர்கோத்து, உடைந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு வருஷத்துக்கும் மேலாக அவள் வரவிடாத புண்.

நாலாம் நாள் காரியக்காரர் தனியாக வந்தார். புது ஆள் மோட்டாரை நிறுத்தியிருக்கிறான். மறுபடி போட்டால் மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மேட்டூர்த் தண்ணீர் அந்த வருஷம் பிந்திவிட்டது. பண்ணையின் குறுவை நாற்றங்கால் முழுவதும் அந்த ஒரு மோட்டாரை நம்பி இருந்தது. நாற்று நுனி கருக ஆரம்பித்திருந்தது. கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும்.

“ஏ புள்ள, வந்து என்னன்னு பாரு.”

அக்கா எழுந்திருக்கவில்லை. விசிறிக்கொண்டே பேசினாள். ஃபேன் வர வேண்டும், ஒயர் வர வேண்டும், யாரும் எங்களைக் கிளப்பக் கூடாது, எழுதிக் கொடுங்கள். காரியக்காரர் ஏசினார். வாய்க்காலில் பிணம் மிதக்கும் என்றுகூடச் சொன்னார். அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். போனவர் மதியத்துக்குள் ஃபேனை ஆள் தலையில் வைத்து, ஒரு தாளோடு திரும்பி வந்தார்.

நான்தான் படித்தேன். அப்பீலை வாபஸ் வாங்க வேண்டும். மனையில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கும்வரை சாய்ப்பில் இருந்துகொள்ளலாம், கரண்டு உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு மறுபேச்சில்லாமல் காலி செய்ய வேண்டும். அவள் காலம்வரை என்று மாற்றி எழுதும்படி நான் வாதாடினேன். காரியக்காரர் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

“இரு. எழுதியிருக்கறது அவரு உசுரா, என் உசுரா?” என்றாள் அக்கா.

“அவரு உசுருதாங்க்கா.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சாமானைக் கையில் வாங்கும்போது எங்கே ஆட்டம் இருக்கிறது, எது தாங்கும் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“சரி. நான் பாத்துக்கறேன்” என்று கைநாட்டு வைத்தாள்.

பிறகு கொட்டகைக்குப் போனாள். சாணியைக் கரைத்து, பம்ப்பின் வாய்வழியே குடம் குடமாக ஊற்றினாள். அடியில் எங்கோ காற்று வாங்கிக்கொண்டிருந்த இடம் சாணியில் அடைபட்டது. சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் விழுந்தது. தோழர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கேஸை விற்றுவிட்டாய் என்று கத்தினார். அப்பீலில் ஜெயித்திருக்கலாம் என்றார். எப்போது என்று அவள் கேட்டாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் நானும் போய்விட்டேன். எனக்கு அந்த மில்லும் சலித்துவிட்டது, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஐந்து வருஷம் கழித்து அந்தப் பக்கம் பஸ்ஸில் வந்தேன். ஆட்சி மாறியிருந்தது. சுவர்களில் வேறு சின்னம். வயல் நடுவே மோட்டார் சத்தம் கேட்டது. இறங்கி நடந்தேன்.

அக்காவுக்கு முன்தலை முழுக்க நரைத்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரம் இல்லாததால் மில் சங்கை வைத்து நேரம் பார்த்துப் புரட்டிப் போடுகிறாளாம். புண் திரும்ப ஆறவே இல்லை. ஒன்று எலும்புவரை போயிருந்தது. வேப்பிலைத் தண்ணீரும் மஞ்சளும் வைத்து, கந்தல் துணியைக் கொதிக்க வைத்துக் காயப்போட்டு, அதை அவள் அந்த அளவிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். பாயில் அவர் இருந்த இடம் தெரியவில்லை, அவ்வளவு வற்றியிருந்தார். கண் மட்டும் பழைய கண்.

அக்கா மோட்டாரைப் பார்க்க வெளியே போனதும் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, ரெண்டு வருசமா கஞ்சி வேண்டாங்கறேன். விடமாட்டேங்கறா. நீ சொன்னா கேப்பா. போதும்னு சொல்லு.”

போய்ச் சொன்னேன். தண்ணீர் விழுகிற இடத்தில் அவள் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

“எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்காரு.” குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். “இவரு போன அன்னைக்கே காரியக்காரன் வந்து நிப்பான். பதினாறாவது நாளு வரைக்கும்கூட விடமாட்டான். தெரு என்னைய ஏத்துக்காது. நான் எங்கப்பா போறது?”

எனக்கே அன்றைக்கு எங்கே படுப்பது என்று தெரியாது.

உள்ளே வந்து கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தார். அவள் புறங்கையால் அவர் முகத்தைத் திருப்பி, கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கினாள். அவர் கண்ணில் வழிந்ததை முந்தானையால் ஒற்றினாள். அதில் ஒரு அவசரமும் இல்லை.

“தலையத் தூக்கிப் புடி” என்றாள் என்னிடம்.

பிடித்தேன். ஒரு தேங்காய் கனம்கூட இல்லை. கரண்டியை வாயில் சரித்துவிட்டு உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டை ஏறி இறங்கியது. அவள் அடுத்த கரண்டியை மொண்டாள்.